இல்லாத நாட்டு அரசியின் மூக்கு

ஒரு ராஜாவின் வாயில் பல் மிச்சமிருக்கிறதா இல்லையா என்பதை நாணயத்தில் உள்ள முகத்தைப் பார்த்தே அவள் சொல்லிவிடுவாள். மேலுதடு உள்வாங்கி, மூக்கும் மோவாயும் ஒன்றையொன்று நலம் விசாரிக்கக் கிளம்பியிருந்தால் ஆள் பொக்கை. அச்சு வெட்டியவன் எவ்வளவு பெரிய கிரீடத்தை வைத்து மறைத்தாலும் அவளிடம் பலிக்காது. பல்செட் செய்வதுதான் அவள் பிழைப்பு.

வீட்டின் பின்பக்கம், ஒரு காலத்தில் சைக்கிளும் கால் உடைந்த நாற்காலிகளும் கிடந்த அறையைத்தான் பட்டறையாக்கியிருந்தாள். ஜன்னலை ஒட்டி நீள மேஜை. அதன் மேல் மெழுகை இளக்க ஒரு குட்டி அடுப்பு, மெருகு போடும் சக்கரம், பல் டாக்டரிடம் இருப்பது போன்ற கொக்கிகள், கரண்டிகள். அலமாரியில் ஊராரின் தாடைகள் பிளாஸ்டர் அச்சுகளாக வரிசை கட்டி உட்கார்ந்திருக்கும். இழுப்பறைகளில் பற்கள், பால் வெள்ளையிலிருந்து புகையிலை மஞ்சள் வரை நிறம் வாரியாக. பால் வண்டி ஓட்டுகிற அவள் கணவர் அந்த அறைக்குள் காலெடுத்து வைப்பதே இல்லை. "உள்ள வந்தா எல்லாரும் என்னைப் பாத்து சிரிக்கிற மாதிரியே இருக்கு" என்று வாசலிலேயே நின்று டீ டம்ளரை நீட்டுவார்.

நாணயப் பைத்தியம் ஒரு கப்பல் சமையல்காரர் மூலம் வந்தது. முழு செட் மாட்டிக்கொண்டு போனவர், மறுவாரம் ஓர் ஆப்பிளைக் கடித்துக்கொண்டே வந்து, சந்தோஷத்தில் ஒரு பிஸ்கட் டப்பாவை அவள் மேஜையில் கவிழ்த்தார். நடுவில் ஓட்டை போட்ட ஜப்பான் காசு, மீன் படம் போட்ட ஐஸ்லாந்து காசு, ஊதினால் பறந்துவிடும் போலிருந்த கிழக்கு ஜெர்மனி அலுமினியக் காசு, குட்டிகளோடு தாய்ப்பன்றி நிற்கும் அயர்லாந்து காசு. அன்று யாருக்கும் பல் தயாராகவில்லை. சாயங்காலம் வரை காசுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் சேர்த்த காசுகளை யாராவது பார்த்தால் தலை சுற்றும். எல்லோரும் நாடு வாரியாக, வருடம் வாரியாக அடுக்குவார்கள். அவளோ பல் உள்ள ராஜாக்கள் ஒரு பக்கம், பல் போன ராஜாக்கள் ஒரு பக்கம், தாடி வைத்துச் சந்தேகத்துக்கு இடம் கொடுப்பவர்கள் தனி என்று அடுக்கியிருந்தாள்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, நூலக மாடியில், பழைய செய்தித்தாள்கள் வைத்திருக்கும் அறையில் நாணயக்காரர்களின் கூட்டம் நடக்கும். நீள மேஜையில் ஒரு போர்வையை விரித்து, அவரவர் கொண்டுவந்ததைப் பரப்புவார்கள். அங்கே விற்பனை கிடையாது. காசுக்குக் காசு மாற்றிக்கொள்ளலாம், அல்லது சும்மா காட்டிப் பெருமையடித்துக்கொள்ளலாம். தலைவர், ஓய்வு பெற்ற ஒரு ஆடிட்டர். கோட்டுப் பையில் பூதக்கண்ணாடி இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. நல்ல மனிதர். யார் எதைச் சொன்னாலும் நம்புவார். இத்தனை வருடம் கணக்குப் புத்தகங்களைச் சந்தேகப்பட்டே காலம் தள்ளியதால், சந்தேகப்படுகிற சக்தியெல்லாம் தீர்ந்துவிட்டது என்று அவரே சொல்லிக்கொள்வார்.

இன்னொருவர் சாவி போடுகிறவர். கடைத்தெரு முனையில் ஒரு பெட்டிக் கடையில் உட்கார்ந்து, தேய்ந்த சாவிக்கு மறுசாவி வெட்டிக் கொடுப்பார். யார் எந்தக் காசை எடுத்துக் காட்டினாலும் அவர் வாயிலிருந்து வருவது ஒரே பதில்: "இதுவா? என்கிட்ட ரெண்டு இருக்கு." அந்த இரண்டையும் யாரும் கண்ணால் கண்டதில்லை. "ரெண்டிருக்கு" என்றே அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கும் அது தெரியும். கோபப்படமாட்டார்.

அவளுக்குத்தான் ஒரு நாள் கோபம் வந்தது. தாய்ப்பன்றிக் காசை முதன்முதலாகக் கூட்டத்துக்கு எடுத்துப் போயிருந்தாள். போர்வையில் வைத்து இரண்டு விநாடி ஆகவில்லை.

"இதுவா? என்கிட்ட ரெண்டு இருக்கு" என்றார் சாவிக்காரர். "அதுல ஒண்ணுல ஒரு குட்டி கூட இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் மட்டும் அந்த அதிகப்படிக் குட்டி அவள் காலைச் சுற்றிச் சுற்றி ஓடிவந்தது. உலகத்திலேயே இல்லாத ஒரு காசைக் காட்டினால் இந்த மனுஷர் என்ன சொல்வார்? கேள்வி அப்போதுதான் முளைத்தது.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய நாத்தனார், அவள் அண்ணி என்று கூப்பிடும் கணவரின் அக்கா, இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து மாடி அறையில் தங்கியிருந்தார். பஸ்களில் ஏறி டிக்கெட் பரிசோதிக்கிற வேலை. எதிர்ப்படும் எதையும் முதலில் சந்தேகித்து, பிறகுதான் வணக்கம் சொல்லுகிற சுபாவம். அவருடைய மூக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நெற்றியில் புறப்பட்டு, நடுவில் ஒரு மேடேறி, நுனியில் சட்டென்று இறங்கும் மூக்கு. அதைப் பக்கவாட்டில் பார்த்தால் ஒரு படையையே அனுப்பிவைக்கிற தோரணை இருக்கும். தினமும் சாயங்காலம் அவர் கூடத்தில் டி.வி. முன் நிமிர்ந்து உட்காருவார். சாப்பாட்டு மேஜையிலிருந்து பார்த்தால் பக்கவாட்டு முகம் மட்டும் தெரியும். ஒரு கிரீடம்தான் பாக்கி.

ஒரு மத்தியானம் கையில் மிஞ்சிய மெழுகை உருட்டிக்கொண்டிருந்தவள், குனிந்து பார்த்தபோது அதில் அண்ணியின் மூக்கு வந்திருந்தது. மீதி முகத்தைச் செய்யாமல் விட மனசு வரவில்லை.

நாணயத்தின் மறுபக்கத்துக்கு ஒரு மலைத்தொடர் செதுக்கினாள். மேஜை மேல் அப்போது கிடந்த ஒரு கீழ்த்தாடை அச்சின் கடைவாய்ப் பற்களைப் பார்த்து அப்படியே இறக்கியது அது. சுற்றிலும் எழுத்து வேண்டுமே. கொக்கி, கரண்டி, சின்னக் கண்ணாடி, ஊசி என்று தன் கருவிகளின் உருவங்களையே ஒவ்வொரு எழுத்தாக வரிசைப்படுத்தினாள். கம்பி செட்டுக்கு உருக்குகிற வெள்ளை உலோகத்தில் ஒரு துளி எடுத்து ஊற்றியாயிற்று. கடைசி நேரத்தில் கை வழுக்கி அரசியின் காதோரம் மெழுகில் ஒரு கீறல் விழுந்திருந்தது. அதுவும் அழகாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டாள். புதுசு போலப் பளபளத்ததால் அதைக் கணவரின் கால்சட்டைப் பையில், வண்டிச் சாவியோடு போட்டாள்.

"என்னது இது?" என்றார் கணவர்.

"உங்க பையிலயே கொஞ்ச நாள் கிடக்கட்டும். கொஞ்சம் தேயணும்."

கல்யாணமான புதிதிலேயே இரண்டாவது கேள்வி கேட்கிற பழக்கத்தை விட்டுவிட்டவர் அவர். தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவள் அதைப் போர்வை மேல் வைத்தபோது முகத்தைப் பச்சைக் குழந்தை போல வைத்துக்கொண்டாள். "சமையல்காரர் குடுத்த டப்பாவுல அடியில கிடந்தது. எந்த நாடுன்னே தெரியல."

ஆடிட்டர் பூதக்கண்ணாடியை எடுத்தார். "மலை... அஞ்சு சிகரம்... இந்த எழுத்தை நான் பார்த்ததே இல்லையே" என்று முணுமுணுத்தார். காசு கைமாறிச் சாவிக்காரரிடம் வந்தது. அவர் அதை வெளிச்சத்தில் சாய்த்தார். அரசியின் முகத்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு மேஜையில் வைத்தார்.

"இதுவா? என்கிட்ட ரெண்டு இருக்கு."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பு மூக்கு வழியாக வரப் பார்த்தது, இருமிச் சமாளித்தாள்.

"அப்படியாண்ணே? அடுத்த மாசம் கொண்டு வாங்களேன், பாக்கலாம்."

"கொண்டு வர்றேனே. இதை மட்டும் ஒரு மாசம் குடுங்கம்மா. ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒத்துப் பாக்கணும்."

சந்தோஷமாகக் கொடுத்தாள். அந்த மாதம் முழுவதும் பட்டறையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். வேலைக்குக் கிளம்பிய அண்ணி வாசலில் நின்று, "என்ன, யாரும் இல்லாமலே சிரிக்கிற?" என்று கேட்டார். "இந்த செட்டு வாயைத் திறந்துக்கிட்டு இருக்கற அழகைப் பாத்தேன் அண்ணி" என்றாள். அண்ணி அந்த செட்டையும் ஒரு முறை சந்தேகமாகப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அடுத்த கூட்டத்துக்குச் சாவிக்காரர் கொஞ்சம் தாமதமாக வந்தார். அவளுடைய காசைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து, நடுவில் ஜன்னல் வைத்த ஒரு சதுர அட்டையை எடுத்துப் போர்வையில் வைத்தார்.

"ஒண்ணு எங்க வச்சேன்னு தெரியல. இது ஒண்ணுதான் அகப்பட்டுது."

அட்டையின் ஜன்னலில் அண்ணி இருந்தார். மஞ்சள் பித்தளையில், அழுக்கேறி, நூறு வருஷம் கைமாறியது போன்ற வழவழப்போடு. அதே மூக்கு. அதே மேடு. ஒரு நூல் அளவு சிறியதாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். காதோரத்துக் கீறல்கூட அதே இடத்தில் இருந்தது.

அவள் அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அவளுடைய காசை அச்செடுத்து மனுஷர் மறுசாவி போட்டிருக்கிறார். போலி என்று ஒரு வார்த்தை சொன்னால், எப்படித் தெரியும் என்று எல்லோரும் கேட்பார்கள். 

"எங்க கிடைச்சுதுண்ணே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஒரு பழைய பூட்டை உடைச்சேன்மா. உள்ளேர்ந்து உருண்டு வந்துது."

"பூட்டுக்குள்ள காசு எப்படி வரும்?"

"எங்கெங்கேயோ இருந்தெல்லாம் வருது. நாம என்ன கண்டோம்" என்றார் அவர், அவளுடைய அதே பச்சைக் குழந்தை முகத்தோடு.

ஆடிட்டரோ நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். ஒன்று கிடைத்தால் ஏதோ ஒரு விந்தை என்று விட்டுவிடலாம். இரண்டு பேரிடம், இரண்டு உலோகத்தில் கிடைத்தால் அது ஒரு நாடு. வெள்ளைக் காசு அரண்மனைக்கு, மஞ்சள் காசு குடிமக்களுக்கு என்று அங்கேயே முடிவு கட்டினார்.

அதன் பிறகு அவள் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. கொண்டை போட்ட அரசியின் சின்னக் காசு ஒன்றைச் செய்து கொண்டுபோனாள். மறுமாதம் சாவிக்காரர் அதே அரசிக்குத் தோடு மாட்டிக் கொண்டுவந்தார். அவள் எட்டு மூலைக் காசு கொண்டுபோனாள். அவர் அதிலேயே நடுவில் ஓட்டை போட்டுக் கொண்டுவந்தார். ஓட்டை சரியாக மூக்கைத் தவிர்த்து விழுந்திருந்தது. அந்த நாட்டில் சில்லறைத் தட்டுப்பாடே இல்லாமல் போயிற்று. இருவரும் ஒருவரையொருவர் நேராகப் பார்த்துக்கொள்வதில்லை. பார்த்தால் சிரித்துவிடுவோம் என்று இருவருக்கும் பயம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஆடிட்டர் அவளை நூலகப் படிக்கட்டில் நிறுத்திப் பேசும் வரை.

"அந்த எழுத்து இருக்கு பாரும்மா, அதை நான் வலமிருந்து இடமாப் படிச்சுப் பாத்தேன். கொக்கி மாதிரி ஒரு எழுத்து அடிக்கடி வருது. உயிரெழுத்தா இருக்குமோ? ராத்திரி தூக்கமே வரல." அவர் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். வருடாந்திரக் கண்காட்சியில் நடுப்பெட்டியே அந்தக் காசுகளுக்குத்தான் என்றும் சொன்னார்.

மறுநாள் சாவிக் கடைக்குப் போனாள். தலைக்கு மேல் கொத்துக் கொத்தாகச் சாவிகள் தொங்க, அவர் ஒரு பூட்டின் வயிற்றைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"போதும்ணே" என்றாள்.

"எது போதும்?"

"நம்ம நாடு."

அவர் அரத்தைக் கீழே வைத்தார். தோள்கள் குலுங்கின. இத்தனை மாதம் அடக்கி வைத்த சிரிப்பு இருவருக்கும் ஒரே சமயத்தில் வந்தது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"நாடு உங்களோடதும்மா. நான் வெறும் குடிமகன்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"போலின்னு எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"பாத்ததுமே. அதுக்கு முந்தின வாரம்தான் அந்த ராணியம்மா என்னை நடுவழியில பஸ்ஸை நிறுத்தி இறக்கி விட்டாங்க. நேத்து டிக்கெட்டை நீட்டிட்டேன், அறியாமத்தான். அந்த மூக்கை நான் மறப்பேனா? யாரு அவங்க?"

"என் நாத்தனார்."

அவர் முகத்தில் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "கண்காட்சிக்கு வருவாங்களா?"

"வரமாட்டாங்க. அபராதம் கட்டச் சில்லறை இல்லேன்னு தினம் ஊரோட சண்டை. காசுன்னாலே அவங்களுக்குக் கசப்பு."

ஆடிட்டரிடம் உண்மையைச் சொல்லிவிடுவதென்று முடிவு செய்து, இருவரும் சேர்ந்தே அவர் வீட்டுக்குப் போனார்கள். நீங்க சொல்லுங்க என்று அவள் பார்த்தாள். நீங்க சொல்லுங்கம்மா என்று அவர் பார்த்தார். அதற்குள் ஆடிட்டர், கண்காட்சிப் பெட்டியில் வைக்கத் தன் கையாலேயே எழுதிய அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். 'பெயர் அறியப்படாத மலைநாடு. ஐந்து சிகரங்கள். வயது முதிர்ந்த அரசி.' மை இன்னும் காயவில்லை. இருவரும் அவருடைய கையெழுத்தைப் பாராட்டிவிட்டுத் திரும்பினார்கள்.

கண்காட்சியன்று நூலகக் கூடத்தில் நல்ல கூட்டம். நடுப்பெட்டியைச் சுற்றித்தான் ஜனம். அவள் பல் இல்லாத ராஜாக்களை ஒரு மூலையில் பரப்பி வைத்து, வருகிறவர்களுக்கு வாயைத் திறந்து காட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது வாசலில் கணவர் நின்றிருந்தார், வாயெல்லாம் பல்லாக. மனைவியின் பெருமையைப் பார்க்கட்டும் என்று அக்காவையும் கூட்டி வந்திருந்தார். அண்ணி வேலை முடிந்து நேராக, சீருடையோடு வந்திருந்தார்.

"அண்ணி, இந்தப் பக்கம் வாங்க, இங்க ஓட்டைக் காசு இருக்கு" என்று அவள் ஓடினாள். கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்ப் பழகிய கால்கள் அண்ணியுடையவை. நடுப்பெட்டியின் முன் போய் நின்றுவிட்டார்.

டிக்கெட் பார்க்கிற அதே பார்வை. காசைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். அட்டைக்குப் பின்னால் நின்ற ஆடிட்டரைப் பார்த்தார்.

"இந்த அம்மா யாரு?"

"பேர் தெரியாத ஒரு ராணிங்க" என்றார் ஆடிட்டர் மரியாதையாக. "ரொம்பக் கண்டிப்பானவங்கன்னு முகத்துலயே எழுதியிருக்கு பாருங்க."

"வயது முதிர்ந்தன்னு போட்டிருக்கு?"

"அறுபத்தஞ்சு, எழுபது இருக்கும்னு ஒரு கணிப்பு."

அண்ணி மெல்லப் பக்கவாட்டில் திரும்பினார். ஆடிட்டரின் பூதக்கண்ணாடி காசிலிருந்து மூக்குக்குப் போயிற்று. மூக்கிலிருந்து காசுக்கு வந்தது. மறுபடியும் போயிற்று.

"நாப்பத்தெட்டு" என்றார் அண்ணி.

"யார் பண்ண வேலை இது?" என்று அடுத்த கேள்வி வந்தது. அவள் கையை உயர்த்தினாள், பள்ளிக்கூடப் பிள்ளை போல. சாவிக்காரர் ஒரு தூணுக்குப் பின்னால் நழுவப் பார்த்தார்.

"நீங்க அந்த நேத்து டிக்கெட் இல்ல?" என்றார் அண்ணி. அவர் அங்கேயே நின்றார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பன்றிக்குட்டியிலிருந்து ஆரம்பித்து எட்டு மூலை வரை. சொல்லும்போது அண்ணியைப் பார்க்கவில்லை, ஆடிட்டரைத்தான் பார்த்தாள். அவருடைய முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே வந்தது. எழுத்து என்பது கொக்கியும் கரண்டியும் என்றபோது, பூதக்கண்ணாடியை மடித்துப் பையில் வைத்துவிட்டார். அவளுக்கு, இதைப் பார்க்கவா இத்தனை சிரித்தோம் என்றிருந்தது.

"அப்ப அந்த மலை?" என்றார் அவர் கடைசியாக.

"கடைவாய்ப் பல்லு சார்."

"யாரோட பல்லு?"

அவள் தயங்கினாள். "உங்களோடதுதான் சார். அன்னிக்கு உங்க அச்சுதான் மேஜை மேல இருந்தது."

ஆடிட்டரின் கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று. நாக்கு உள்ளே எதையோ தடவிப் பார்ப்பது வெளியில் தெரிந்தது. ஒவ்வொன்றாக எண்ணுகிறார். "அஞ்சு சிகரம்" என்றார் மெதுவாக. "சரியாத்தான் எழுதியிருக்கேன்." பூதக்கண்ணாடி மறுபடி வெளியே வந்தது. தன் மலையைப் புதிதாகப் பார்ப்பது போல ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இருந்தது வருத்தமில்லை. காசில் ஏறிய மனிதனின் கர்வம். அவர் முதலில் சிரித்தார். பிறகுதான் கூடம் முழுக்கச் சிரித்தது. கணவர் மட்டும் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கலாமா என்று முடிவு செய்யக் காத்திருந்தார்.

அண்ணி சிரிக்கவில்லை. "போலின்னு தெரிஞ்சா பறிமுதல். அதுதான் சட்டம்" என்று கையை நீட்டினார். ஆடிட்டர் பெட்டியைத் திறந்து வெள்ளைக் காசைக் கொடுத்தார். அண்ணி அதை உள்ளங்கையில் வைத்து, தூரத்தில் பிடித்தும் கிட்டத்தில் பிடித்தும் பார்த்தார்.

"மூக்கு நல்லா வந்திருக்கு" என்றார் அவளிடம். "மோவாய்தான் கொஞ்சம் தூக்கலாப் போயிடுச்சு. அடுத்த தடவை சரி பண்ணு." காசை மேல் பையில் போட்டுப் பித்தானை மாட்டினார். பிறகு ஆடிட்டரிடம் பேனா வாங்கி, 'வயது முதிர்ந்த' என்ற இரண்டு சொற்களையும் தன் கையாலேயே அடித்தார்.

மற்ற காசுகள் பெட்டியிலேயே இருந்தன. சாயங்காலத்துக்குள் அட்டையில் 'இல்லாத நாடு' என்று ஒரு தலைப்பும் ஏறியது. அந்த நாட்டில் தனக்கும் ஒரு காசு வேண்டும் என்று கேட்காத உறுப்பினர் இல்லை. மெழுகு வேலை அவளுடையது, பித்தளை வேலை சாவிக்காரருடையது என்று பிரித்துக்கொண்டார்கள். சாவிக்காரரின் வாயிலிருந்து பழைய பதில் இப்போதெல்லாம் அவ்வளவாக வருவதில்லை. மெய்யாகவே எல்லாமே இரண்டு இருக்கும்போது சொல்வதில் சுவாரசியம் இல்லையாம். அண்ணியிடம் பஸ்ஸில் யாராவது, "இறங்கச் சொல்ல நீங்க யாரு?" என்று கேட்டால் மேல் பையைத் திறந்து காசைக் காட்டுகிறாராம். கேட்டவர்கள் மறுபேச்சுப் பேசாமல் இறங்கிவிடுகிறார்களாம்.

ஆடிட்டர் தன்னை நிதியமைச்சராக நியமித்துக்கொண்டு, அந்த நாட்டுக்கு ஒரு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறார். மலை எங்கே என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. கடல் உண்டா இல்லையா என்பதில்தான் கூட்டம் இரண்டாகப் பிரிந்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. கடல் வேண்டும் என்பது அவள் கட்சி. மீன் போட்ட காசு ஒன்று செய்ய வேண்டுமாம். மெழுகில் செதில் வரை முடித்துவிட்டாள்.